ஓநாயும் நனைந்தது: விக்கிப்பீடியா கறுத்துப் போன புதன்கிழமை

ஊடகவியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “2012-ல் அமெரிக்காவில் சோபா சட்டத்தை எதிர்த்து கூகுள், விக்கிப்பீடியா எல்லாம் போராடியதாகப் பாடத்தில் வருகிறது. இவ்வளவு பெரிய கம்பெனிகள் நிஜமாகவே தணிக்கைக்கு எதிராகத்தான் போராடினவா, இல்லை, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையா? நிஜமான போராட்டம் என்றால், அதற்கப்புறம் ஏன் அப்படி ஒன்று நடக்கவில்லை?”

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடும் நனைந்தது, ஓநாயும் நனைந்தது. அன்றைக்குப் பெய்தது நிஜமான மழை. அப்புறம் ஓநாய் ஒரு குடை வாங்கிக்கொண்டது. ஆடு இன்னும் வெளியில்தான் நிற்கிறது. இனி விரிவாகப் பார்ப்போம்.

சோபா என்றால் நம் வீட்டுக் கூடத்தில் கிடக்கும் சோபா அல்ல. இணையத் திருட்டை நிறுத்தும் சட்டம் என்ற நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். டெக்சாஸ் உறுப்பினர் லாமர் ஸ்மித் 2011 அக்டோபர் 26 அன்று அமெரிக்கக் கீழவையில் இந்த மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் அண்ணன் மசோதாவான பிப்பா, அதே ஆண்டு மே மாதமே மேலவையான செனட்டுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் வெர்மான்ட் செனட்டர் பேட்ரிக் லீஹி. ஸ்மித் குடியரசுக் கட்சிக்காரர், லீஹி ஜனநாயகக் கட்சிக்காரர். கட்சி எல்லை தாண்டிய ஆதரவு இருந்தது. பிப்பா செனட்டின் நீதிக்குழுவில் ஒரு எதிர்ப்புக் குரல்கூட இல்லாமல் நிறைவேறியது. ஆரெகன் செனட்டர் ரான் வைடன் மட்டும் தனக்கிருந்த நடைமுறை உரிமையைப் பயன்படுத்தி அதைச் சபைக்கு வரவிடாமல் நிறுத்தி வைத்தார். அவர் ஒருவர் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் ஜனவரி வரை கதை நீண்டிருக்குமா என்பதே சந்தேகம்தான்.

சட்டத்தின் நோக்கத்தில் தப்பு சொல்ல முடியாது. படம், பாட்டு, மென்பொருள், போலி மருந்து ஆகியவற்றை அமெரிக்காவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு அமெரிக்கர்களுக்கு விற்கும் தளங்களை அந்த நாட்டு நீதிமன்றத்தால் தொட முடியவில்லை. ஆளைப் பிடிக்க முடியாதபோது, அவன் கடைக்குப் போகும் வழியை அடைக்கலாம் என்று யோசித்தார்கள். அடைக்க வேண்டிய வழிகள் நான்கு. இணையச் சேவை நிறுவனம் அந்தத் தளத்தின் பெயரை முடக்க வேண்டும். தேடுபொறி அதைத் தேடல் முடிவுகளிலிருந்து எடுக்க வேண்டும். கார்டு நிறுவனங்கள் பணம் போகாமல் நிறுத்த வேண்டும். விளம்பர நிறுவனங்கள் விளம்பரத்தை வெட்ட வேண்டும். அரசுத் தலைமை வழக்கறிஞர் நீதிமன்ற உத்தரவு வாங்கி வந்தால் ஐந்து நாளுக்குள் இவை நடக்க வேண்டும்.

வில்லங்கம் இதற்கு அடுத்த பிரிவில் இருந்தது. படத்தின் உரிமையாளர் நீதிமன்றத்துக்குப் போகவே வேண்டாம். “இந்தத் தளம் என் பொருளைத் திருடுகிறது” என்று கார்டு நிறுவனத்துக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போட்டால் போதும், அவர்கள் ஐந்து நாளில் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். தளக்காரர் மறுப்புக் கடிதம் கொடுக்கலாம். ஆனால் புகார் பொய்யாக இருந்தாலும், நல்லெண்ணத்தில் துண்டித்தேன் என்று சொல்லிவிட்டால் துண்டித்தவர் மேல் வழக்குப் போட முடியாது. ஒரு கார்டு நிறுவனத்து அதிகாரியாக உங்களை வைத்துப் பாருங்கள். துண்டித்தால் உங்களுக்கு ஆபத்தில்லை, துண்டிக்காவிட்டால் வழக்கு. நீங்கள் என்ன செய்வீர்கள்?

இதைப் புரிந்துகொள்ள 1998-ல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்துக்குக் கொஞ்சம் போய் வர வேண்டும். யூடியூப், ஃபேஸ்புக், ரெட்டிட் எல்லாம் இன்றைய உருவத்தில் இருப்பதற்கு அதில் உள்ள ஒரு பிரிவு காரணம். பயனர் ஒருவர் திருட்டு வீடியோவை ஏற்றினால் தளம் குற்றவாளி ஆகாது. உரிமையாளர் புகார் சொன்னதும் அந்த வீடியோவை எடுத்துவிட்டால் போதும். வாடகைக்கு விட்ட கடைக்குள் குடித்தனக்காரர் என்ன விற்கிறார் என்று கட்டட உரிமையாளர் தினமும் போய்ப் பார்க்கத் தேவையில்லை, யாராவது புகார் சொன்னால் போய்ப் பார்த்தால் போதும் என்பது போல. வயாகாம் நிறுவனம் யூடியூப் மேல் 2007-ல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டபோது யூடியூப் தரப்பின் கேடயமும் இந்தப் பிரிவுதான். சோபா இந்தக் கேடயத்தை நேரடியாக உடைக்கவில்லை, பக்கவாட்டில் போனது. தளத்தின் ஒரு பகுதியில் திருட்டு நடந்து, அதை உறுதிசெய்துகொள்ளாமல் தளம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடிந்தால், முழுத் தளமுமே திருட்டுத் தளம் என்று வாதிட இடம் இருந்தது. அப்படியானால் ஒவ்வொரு பதிவையும் ஏறும் முன்பே பார்க்க வேண்டும். காவல்காரன் வேலை, அதுவும் சொந்தச் செலவில்.

ஆக, நிறுவனங்களுக்குச் சுயநலம் இருந்ததா என்றால், இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு எதிர்த்தவர்களில் சுயநலம் துளியும் இல்லாத ஒரு கூட்டமும் இருந்தது. என் கணக்கில், மசோதாவுக்கு முதல் உண்மையான அடி கொடுத்தவர்கள் அவர்கள்தான். நெட்வொர்க் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள் அதிகம் மதிக்கும் ஆட்கள்: இணையத்தின் பெயர் முறையைக் கட்டிய, காத்த பொறியாளர்கள்.

ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும் அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி எது என்று டிஎன்எஸ் என்ற அமைப்பிடம் உங்கள் கணினி கேட்கிறது. தெருவில் புதிதாக வந்தவர் தபால்காரரிடம் வீடு விசாரிப்பது மாதிரி. சோபா சொன்னது, குறிப்பிட்ட வீட்டைப் பற்றிக் கேட்டால் தபால்காரர் பொய் சொல்ல வேண்டும் என்பது. “அப்படி ஒரு வீடே இல்லை” என்றோ, வேறு வீட்டைக் காட்டியோ. சிக்கல் என்னவென்றால், வங்கிக் கணக்கைத் திருட வருகிறவனும் இதையேதான் செய்வான், உங்கள் வங்கியின் பெயரைக் கேட்டால் தன் வீட்டைக் காட்டுவான். அதைத் தடுக்கத்தான் டிஎன்எஸ் பதில்களுக்கு முத்திரை வைக்கும் டிஎன்எஸ்செக் என்ற முறையைப் பல வருடம் உழைத்து அப்போதுதான் அமலாக்கத் தொடங்கியிருந்தார்கள். முத்திரை பொருந்தாத பதிலைக் கணினி நம்பக் கூடாது என்பது அதன் உயிர். அரசு சொல்லச் சொன்ன பொய்க்கும் திருடன் சொல்லும் பொய்க்கும் முத்திரையில் வித்தியாசம் தெரியாது.

ஸ்டீவ் குரோக்கர், டேவிட் டேகன், டான் காமின்ஸ்கி, டேனி மெக்பர்சன், பால் விக்சி ஆகிய ஐந்து பேர் 2011 மே மாதமே இதை ஓர் அறிக்கையாக எழுதினார்கள். டிஎன்எஸ்ஸில் இருந்த பெரிய ஓட்டையை 2008-ல் கண்டுபிடித்து, உலகமெங்கும் ஒரே நேரத்தில் அடைக்க வைத்த ஆள் காமின்ஸ்கி. இந்த ஆட்கள் சொன்ன இன்னொரு விஷயமும் முக்கியமானது. உள்ளூர் டிஎன்எஸ் பொய் சொல்கிறது என்று தெரிந்ததும் மக்கள் வெளிநாட்டில் எவனோ நடத்தும் டிஎன்எஸ்ஸுக்கு மாறிவிடுவார்கள், அதற்கு ஒரு நிமிடம் போதும். திருட்டுப் படம் பார்ப்பது நிற்காது. வங்கிப் பெயர் உட்பட எல்லாக் கேள்வியும் அந்த ஊர் பேர் தெரியாத ஆளிடம் போகும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நம்மூரில் சொல்வார்கள். இங்கே வீடு மட்டும்தான் எரிந்திருக்கும்.

தவறான முடக்கம் என்பதும் வெறும் கற்பனைப் பயம் அல்ல. ஏற்கெனவே நடந்திருந்தது. 2011 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் குழந்தைகளைத் தவறாகச் சித்திரிக்கும் படங்களைத் தேடிப் போய், ஒரு இலவச முகவரிச் சேவையின் மூலப் பெயரையே பிடுங்கிவிட்டார்கள். அதன் கீழ் இருந்த சுமார் 84,000 துணைத் தளங்கள் ஒன்றாகக் காணாமல் போயின. சொந்தக் குறிப்புகள், சிறு கடைகள் எல்லாவற்றின் மேலும் குழந்தை ஆபாசக் குற்றத்துக்காகக் கைப்பற்றப்பட்டது என்ற அறிவிப்பு தொங்கியது. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், உங்கள் கடை வாசலில் அந்தப் பலகை. இன்னொன்று தஜாஸ்1 என்ற ஹிப் ஹாப் இசைத் தளம். 2010 நவம்பரில் கைப்பற்றினார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்திருந்துவிட்டு, ஒரு குற்றச்சாட்டும் பதியாமல் 2011 டிசம்பரில் திருப்பிக் கொடுத்தார்கள். சோபா இல்லாமலேயே இவ்வளவு நடந்தது.

சரி, நிறுவனங்கள் எப்போது உள்ளே வந்தன? கொஞ்சம் தாமதமாக, ஒரே அணியாகவும் இல்லாமல். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் முதலியவை அங்கம் வகித்த மென்பொருள் நிறுவனங்களின் சங்கம் முதலில் சோபாவை வரவேற்றது. எதிர்ப்பு கிளம்பிய பின்புதான், இன்னும் திருத்தம் வேண்டும் என்று ஒதுங்கியது. 2011 நவம்பர் 16 அன்று கீழவைக் குழு விசாரணை நடத்தியபோது ஆறு சாட்சிகளைக் கூப்பிட்டார்கள். மசோதாவை முழுக்க எதிர்த்துப் பேச இருந்தவர் கூகுளின் பிரதிநிதி ஒருவர்தான். பொறியாளர் ஒருவரைக்கூட அழைக்கவில்லை. அதே நாளில் நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப் பக்க விளம்பரம் வந்தது. கையெழுத்திட்டவை ஏஓஎல், ஈபே, ஃபேஸ்புக், கூகுள், லிங்க்ட்இன், மொசில்லா, ட்விட்டர், யாஹூ, ஜிங்கா. டம்ப்ளர் வேறு வழியில் போனது. பயனர்கள் உள்ளே வந்தால் பதிவுகளைக் கறுப்பு மை பூசிக் காட்டியது, அங்கிருந்தே தங்கள் தொகுதி உறுப்பினருக்கு போன் போடவும் வழி செய்தது. 87,834 அழைப்புகள் போனதாக அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது. அமெரிக்காவில் தொகுதி மக்கள் போன் செய்தால் உறுப்பினர் அலுவலகத்தில் குறித்து வைப்பார்கள், அதற்கு மதிப்பு உண்டு. நம்மூர் எம்.பி. அலுவலகத்துக்கு போன் போட்டவர்களுக்கு இது வேற்றுக்கிரகக் கதை.

டிசம்பர் நடுவில் குழுவில் திருத்தங்களை விவாதித்தார்கள். நேரலையில் உலகமே பார்த்தது. எனக்கு இந்தத் தொழில்நுட்பம் எல்லாம் புரியாது என்று உறுப்பினர்கள் பெருமை போலச் சொல்லிக்கொண்டே மசோதாவை ஆதரித்ததும், கணினி தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்று ஜேசன் சேஃபெட்ஸ் போன்ற ஒன்றிரண்டு பேர் கெஞ்சியதும் நடந்தது. நான் பார்த்த வரையில், இணையவாசிகளைக் கொதிக்க வைத்ததில் மசோதாவின் வாசகத்தைவிட அந்த இரண்டு நாள் ஒளிபரப்புக்குப் பங்கு அதிகம்.

அடுத்த அடி வாங்கியது கோடாடி என்ற, டொமைன் (தளப் பெயர்) விற்கும் நிறுவனம். ஆதரவாளர் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. ரெட்டிட்டில் யாரோ ஒருவர், நான் என் டொமைன்களை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்று எழுதினார். அடுத்த நாளே, டிசம்பர் 23 அன்று, கோடாடி ஆதரவை விலக்கிக்கொண்டது. அதற்குள் பல்லாயிரம் பெயர்கள் கை மாறத் தொடங்கியிருந்தன. விக்கிப்பீடியாவும் தன் பெயர்களை அங்கிருந்து எடுத்துவிடும் என்று அதன் நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் அறிவித்தார். நிறுவனங்கள் பயனர்களை வழிநடத்தின என்று பாடப்புத்தகம் சொன்னால் இந்த இடத்தைக் காட்டுங்கள். இங்கே பயனர்கள்தான் ஒரு நிறுவனத்தைக் காதைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

பக்கத்தைக் கறுப்பாக்கிப் போராடும் முறையும் கூகுளின் யோசனை அல்ல. இத்தாலிய விக்கிப்பீடியாக்காரர்கள் 2011 அக்டோபரில், தங்கள் நாட்டில் வந்த ஒரு மசோதாவை எதிர்த்துச் சில நாள் தளத்தை மூடியிருந்தார்கள். அந்த முன்மாதிரி கண்முன்னே இருந்தது. ஜனவரி 10 அன்று ரெட்டிட், 18-ம் தேதி 12 மணி நேரம் மூடுகிறோம் என்றது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொகுப்பாளர்கள் மூன்று நாள் விவாதித்தார்கள், 1,800-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். முழுதாக 24 மணி நேரம், உலகம் முழுவதற்கும் மூடுவது என்று முடிவானது. இந்திய நேரப்படி ஜனவரி 18 புதன்கிழமை காலை பத்தரைக்குத் தொடங்கி மறுநாள் பத்தரை வரை. கைப்பேசியில் பார்த்தாலும், ஜாவாஸ்கிரிப்டை அணைத்தாலும் கட்டுரை தெரியும் என்று வேண்டுமென்றே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தக் கறுப்புப் பக்கத்தை 16.2 கோடி முறை பார்த்தார்கள். 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் பிரதிநிதி யார் என்று அதில் தேடினார்கள். கூகுள் தளத்தை மூடவில்லை. தேடல் பெட்டிக்கு மேலே தன் பெயரை ஒரு கறுப்புப் பட்டையால் மறைத்தது, கீழே ஒரு மனு வைத்தது. அன்றே 70 லட்சம் கையெழுத்து விழுந்ததாகச் சொன்னது. மொசில்லா, கிரெய்க்ஸ்லிஸ்ட், வேர்ட்பிரஸ் ஒவ்வொன்றும் தன் பாணியில் கறுத்தன. ஃபேஸ்புக் மூடவில்லை. மார்க் சக்கர்பெர்க் மட்டும், 2009-க்குப் பிறகு முதல்முறையாக ட்விட்டர் பக்கம் வந்து எதிர்ப்பைப் பதிவு செய்தார். ட்விட்டரின் தலைவர் டிக் காஸ்டலோ, ஒரு நாட்டின் ஒற்றைப் பிரச்சினைக்காக உலகளாவிய தொழிலை மூடுவது அசட்டுத்தனம் என்ற தொனியில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டார். கவனித்தீர்களா, முழுக்க மூடியவற்றில் பெரியது விளம்பர வருமானமே இல்லாத ஓர் அறக்கட்டளையின் தளம். பங்குச்சந்தையில் பெயர் உள்ளவையும், சேரக் காத்திருந்தவையும் கறுப்புப் பட்டையோடு நிறுத்திக்கொண்டன.

விளைவு உடனே தெரிந்தது. அன்று காலை வரை வெளிப்படையாக எதிர்த்த உறுப்பினர்கள் முப்பது பேர் பக்கத்தில்தான் இருந்தார்கள். மறுநாள் அது நூறைத் தாண்டியது. பிப்பாவின் இணை முன்மொழிவாளரான மார்கோ ரூபியோ அன்றே விலகினார். அதற்கு நான்கு நாள் முன்பே வெள்ளை மாளிகை, டிஎன்எஸ்ஸில் கைவைக்கும் சட்டத்தை ஆதரிக்க மாட்டோம் என்ற பொருளில் அறிக்கை விட்டிருந்தது. லீஹியும் ஸ்மித்தும் டிஎன்எஸ் பிரிவை எடுத்துவிடுவதாக அதே வாரம் இறங்கி வந்திருந்தார்கள். பொறியாளர்கள் கொடுத்த அடி என்று நான் சொன்னது இதைத்தான், கறுப்பு நாளுக்கு முன்பே மசோதாவின் முதுகெலும்பு போய்விட்டது. ஜனவரி 20 அன்று செனட் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் 24-ம் தேதி வைத்திருந்த வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார், ஸ்மித்தும் தன் மசோதாவை நிறுத்தினார். இரண்டும் திரும்ப எழவே இல்லை.

இடையில், ஜனவரி 19 அன்று, மெகாஅப்லோட் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியது. அதன் நிறுவனர் கிம் டாட்காம் நியூசிலாந்தில் கைதானார். வெளிநாட்டில் இருக்கிறவனைத் தொட முடியவில்லை, புதுச் சட்டம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பழைய சட்டத்தை வைத்தே உலகின் மறுகோடியில் இருந்தவரைத் தொட்டுக் காட்டினார்கள். தங்கள் தரப்பு வாதத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதலை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

தோற்றவர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். திரைப்பட நிறுவனங்களின் சங்கத் தலைவர் கிறிஸ் டாட், முன்னாள் செனட்டர், இதை விளம்பர வித்தை என்றார். தளங்களைத் தங்கள் கையில் வைத்திருப்பவர்கள் அந்த அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்றார். அவர் வாய் அப்புறம் எல்லை மீறியது. தேர்தல் நிதி கேட்டு வராதீர்கள் என்று அரசியல்வாதிகளைத் தொலைக்காட்சியில் மிரட்டுவது போலப் பேசி மாட்டிக்கொண்டார். ஆனால் அந்தத் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டு சும்மா தள்ளக்கூடியது அல்ல. கோடிக்கணக்கான பேர் பார்க்கும் முகப்பில் ஒரு கம்பெனி தன் அரசியலை ஒட்டலாமா? அன்றைக்கு அந்த ஒட்டு எனக்குப் பிடித்த சுவரொட்டி. நாளைக்கு வேறாக இருந்தால்? 2018-ல் ஐரோப்பியப் பதிப்புரிமை விதிக்கு எதிராக யூடியூப் தன் படைப்பாளர்களைக் கிளப்பிவிட்டபோது இதே கேள்வி அங்கே பலமாக எழுந்தது.

குடை வாங்கிய கதைக்கு வருகிறேன். யூடியூபில் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி அடையாளம் காணும் முறை 2007-லிருந்தே உண்டு. உரிமையாளர் தன் படத்தைக் கொடுத்து வைத்தால், யார் ஏற்றினாலும் கருவியே பிடித்துவிடும், தூக்கலாம், அல்லது அதன் விளம்பர வருமானத்தை உரிமையாளரே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்ததாக கூகுள் 2018-ல் சொன்னது. கறுப்புப் பட்டை கட்டி ஏழு மாதம்கூட ஆகவில்லை, 2012 ஆகஸ்டில், பதிப்புரிமைப் புகார் அதிகம் வரும் தளங்களைத் தேடல் முடிவில் கீழே தள்ளுவோம் என்று அதே கூகுள் அறிவித்தது. சோபா தேடுபொறியிடம் கேட்டதில் ஒரு பாதியை, சட்டமே இல்லாமல், தானாகவே கொடுத்தது. இதில் சதி எதுவும் இல்லை, வியாபாரம்தான். யூடியூபில் படம் விற்கவும், பாட்டுக்கு உரிமம் வாங்கவும் அதே ஹாலிவுட்டோடு உட்கார வேண்டும். தானே விரும்பிக் காவல் பார்த்தால் விதிகளைத் தானே எழுதலாம். இன்னொரு வசதியும் உண்டு. அந்தக் கருவியைக் கட்டப் பணம் இல்லாத சின்னத் தளங்கள் போட்டிக்கு வர முடியாது.

ஐரோப்பாவில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பயனர் ஏற்றுவதற்குத் தளத்தையே பொறுப்பாக்கும், பதிப்புரிமை இயக்குவிதியின் 13-ம் பிரிவை, பிறகு 17 என்று எண் மாறியதை, எதிர்த்து ஜெர்மன் விக்கிப்பீடியா 2019 மார்ச் 21 அன்று ஒரு நாள் கறுத்தது. இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனாலும் மார்ச் 26 அன்று 348-க்கு 274 என்று நிறைவேறியது. அதே ஐரோப்பாவில் 2012-ல் ஆக்டா என்ற, போலிப் பொருளையும் பதிப்புரிமைத் திருட்டையும் தடுப்பதற்கான சர்வதேச ஒப்பந்தத்தை, சோபாவின் சூடு ஆறும் முன்பு, போலந்தில் தொடங்கிய தெருப் போராட்டம் வீழ்த்தியிருந்தது. நாடாளுமன்றத்தில் 478 பேர் எதிர்த்தார்கள், ஆதரவு 39 மட்டும். ஏழு வருடத்தில் அதே ஆயுதம் மழுங்கிவிட்டது.

நம் ஊரில் என்ன ஆனது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. அமெரிக்கா சோபாவைப் புதைத்த அதே 2012-ல், சென்னை உயர்நீதிமன்றம் வழியாக அது இங்கே வேறு பெயரில் வந்து சேர்ந்தது. பெயர், அசோக் குமார். குற்றவாளி யாரென்று தெரியாதபோது அமெரிக்க நீதிமன்றங்கள் ஜான் டோ என்று எழுதும், நம் நீதிமன்றங்கள் அசோக் குமார் என்று எழுதும். ‘3’ என்ற தமிழ்ப் படம் வெளியாகும் நேரத்தில் அப்படி ஒரு தடை உத்தரவு வாங்கினார்கள். அடையாளம் தெரியாதவர்கள் அந்தப் படத்தைப் பரப்பக் கூடாது என்பதுதான் உத்தரவு. இணையச் சேவை நிறுவனங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, மே மாதம், விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று முழு முழுத் தளங்களாக மூடின.

அப்போது நான் விளம்பரப் படம் எடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்த படத்தை வாடிக்கையாளருக்குக் காட்ட விமியோவில்தான் ஏற்றுவார்கள். ஒரு நாள் காலை தளம் இல்லை, நீதிமன்ற உத்தரவு என்று ஒற்றை வரி. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, யாரிடம் முறையிட வேண்டும் என்று ஒன்றும் இல்லை. நான் சாயங்காலம் வரை நம் பக்கத்துக் கோளாறு என்று கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன். மறுநாள் அலுவலகப் பையன் ஒருவன் டிஎன்எஸ்ஸை மாற்றி இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டான். காமின்ஸ்கி குழு எழுதியது மேசை மேலேயே நடந்தது. ஜூன் மாதம், குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும் முடக்க வேண்டும், முழுத் தளத்தையும் அல்ல என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இந்த முடக்கங்களை எதிர்த்துப் பல நகரங்களில் சில இளைஞர்கள் முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் நின்றார்கள். ஜனவரியில் கறுப்புப் பட்டை கட்டிய எந்த நிறுவனமும் இந்தியப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளிகூட வைக்கவில்லை.

அதற்கப்புறம் நிற்கவில்லை. 2018 நவம்பரில் ‘2.0’ வெளியாகும் முன்பு 12,000-க்கும் மேற்பட்ட தள முகவரிகளை முடக்கச் சொல்லி 37 இணையச் சேவை நிறுவனங்களுக்கு அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் வெளியான அன்றே தமிழ்ராக்கர்ஸில் வந்துவிட்டது. 2019 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம், முடக்கிய தளம் வேறு பெயரில் முளைத்தால் புதிய வழக்கு இல்லாமலேயே பட்டியலில் சேர்க்கலாம் என்றது. 2023-ல் திருத்திய திரைப்படச் சட்டத்தின்படி இப்போது அரசு அதிகாரியிடமே புகார் கொடுத்து 48 மணி நேரத்தில் எடுக்க வைக்கலாம். சோபா கேட்ட தள முடக்கம் இங்கே கிடைத்துவிட்டது, உலகமே பார்க்கும் நேரலை விவாதம், போன் அழைப்பு எதுவும் இல்லாமல். திரையரங்குக்குப் பணம் போட்ட தயாரிப்பாளரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது, முதல் நாளே படம் போனால் போனதுதான். ஆனால் மறுதரப்பு யாருமே நீதிமன்றத்தில் நிற்காமல் ஒரு பட்டியல் அப்படியே உத்தரவாவதில் எது தவறாகச் சேர்ந்தது என்று பார்க்க ஆளில்லை. அசோக் குமாருக்கு வக்கீல் கிடையாது.

கடைசியாக, இன்னொரு முறை அப்படி நடக்குமா என்ற கேள்வி. 2011 டிசம்பரில் குழுவில் உட்கார்ந்து சோபாவை வரிக்கு வரி எதிர்த்தவர்களில் முக்கியமானவர், சிலிக்கான் பள்ளத்தாக்கின் ஒரு பகுதியிலிருந்து தேர்வான ஜோ லாஃப்கிரன். அவரே 2025 ஜனவரி 29 அன்று வெளிநாட்டுத் திருட்டுத் தளங்களை முடக்கும் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். தொழில்நுட்பத் துறையோடும் திரைத்துறையோடும் பேசித் தயாரித்தது என்றார். நீதிமன்ற உத்தரவு வேண்டும், தனியார் கடிதம் செல்லாது, அந்த வகையில் சோபாவைவிட எவ்வளவோ பக்குவமானது. ஆனால் ஆண்டு வருமானம் 10 கோடி டாலருக்கு மேல் உள்ள டிஎன்எஸ் சேவைகளும் முடக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பழைய தபால்காரர் மறுபடியும் பொய் சொல்ல வேண்டும். இணைய உரிமை அமைப்புகள் எதிர்த்து எழுதின. முகப்புப் பக்கம் எதுவும் கறுக்கவில்லை.